கொழும்பிலிருந்து கொழும்புத்துறைக்கு, ரொரன்ரோ வழியாக

போன மாசி மாதம் நான்கு நாட்கள் யாழ்ப்பாணம் போய் வந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை, நண்டுக்கறி சாப்பிடப் போகவில்லை (சாப்பிட்டேன், அது வேறு கதை). நான் செய்த ஒரு பிழையைத் தேடிப் போனேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறிய மருத்துவ அமைப்புகளுக்குக் கைத்தொலைபேசித் திட்டம் எழுதிக் கொடுக்கிறேன். தாதிமாருக்கு எந்தக் கருவி கொடுப்பது, நோயாளிக்கு எந்தச் செய்தி எப்போது போவது, அவர்களுடைய விபரம் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கவே கூடாது என்பதையெல்லாம் தீர்மானிக்கிற வேலை. குடாநாட்டில் நடமாடும் கிளினிக் நடத்தும் ஒரு தொண்டு அமைப்புக்கு, வெள்ளவத்தையில் என் மேசையை விட்டு எழும்பாமலே இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருந்தேன். அட்டை போட்டு, பொருளடக்கம் வைத்து, வடிவாக இருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

திட்டம் மூன்று மாதம் ஓடியது. பிறகு அங்கே வேலை செய்யும் தாதி சுகந்தி அக்கா ஒரு நாள் அழைத்தார்.

“தங்கச்சி, கொழும்புத்துறையிலை யோசேப்பு அண்ணை எண்டு ஒராள் இருக்கிறார். ரெண்டு வருஷமா ஒரு கிளினிக்கும் விடாத மனிசன். உங்கடை திட்டம் வந்தாப் பிறகு ஆளைக் காணேல்லை. நீரிழிவு, சீனி வருத்தம், காலிலை புண். போன மாசம் ஆஸ்பத்திரியிலை சின்ன விரலை எடுத்துப் போட்டினம். அதுக்குப் பிறகும் மருந்து கட்ட ஒழுங்கா வாறேல்லை. இப்பிடியே விட்டால் பாதம் போகும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.”

“ஏன் வரவில்லையாம்?”

“நான் போனிலை சொன்னால் உங்களுக்கு விளங்காது. ஒருக்கா வந்து பாருங்கோ.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அன்பாகச் சொன்னார். அன்றைக்கே ரயிலுக்குப் பதிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை 5.45க்குக் கொழும்புக் கோட்டையில் ரயில். இரண்டாம் வகுப்பு ஆசனம் 2,600 ரூபாய். யன்னலோரம் எந்தப் பக்கம் எடுப்பது என்று பலர் கேட்பதுண்டு. ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர்தான், எதை எடுத்தாலும் நட்டமில்லை. வவுனியாவுக்கு முன்பே வடையும் கச்சான் கடலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு விற்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது மணி 12.50.

அமைப்பின் அலுவலகம் கொக்குவிலில். அங்கேயும் ஸ்டேஷன் உண்டு, ஆனால் நான் வந்த ரயில் அதில் நிற்பதில்லை. இறங்க வேண்டிய இடத்தின் மதிலை உரசிக்கொண்டு போகப் போகிற ரயிலை விட்டு இறங்கி, நான்கு கிலோமீற்றர் ஓட்டோவில் பின்னாலே போக வேண்டும். ஓட்டோ 500 ரூபாய். ஓட்டோக்கார குகன் அண்ணை வழி முழுக்க, நான் யாருடைய வீட்டுக்குப் போகிறேன், அவர்களுக்கு நான் என்ன முறை என்று விசாரித்துக்கொண்டே வந்தார். வேலை விடயமாக வருகிறேன் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. பாவம் என்று, கண்டியில் என் அம்மாவின் ஊர் முதற்கொண்டு எல்லாம் சொன்னேன். இறங்கும்போது தன் எண்ணைத் தந்தார். அடுத்த மூன்று நாளும் அவர்தான் என் சாரதி.

அலுவலகம் என்பது மதில் சூழ்ந்த வளவுக்குள் ஒரு வாடகை வீடு. வாசலில் மாமரம், முன்னறையில் நான்கு கதிரை, ஓர் அலுமாரி. தாதிமாருக்கு நான் கொடுக்கச் சொன்ன ஆறு ரப்களும், அதாவது கையடக்கக் கணினிகளும், அந்த அலுமாரிக்குள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் யாரோ பூப்போட்ட சீத்தைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு மனம் உருகிவிட்டது. கொழும்பில் நான் பார்த்த பெரிய நிறுவனங்களில் இதே கருவிகள் மேசையில் கீறல் விழுந்து கிடக்கும்.

சுகந்தி அக்கா அன்று வேறு கிளினிக்கில். அவர் இல்லாததால் தனியே இருந்து மாத அறிக்கைகளைப் புரட்டினேன். மார்கழி மாத அறிக்கையின் அடியில், குறிப்புகள் என்ற இடத்தில், அவருடைய கையெழுத்தில் ஒரு வரி: ‘வெளிநாட்டு நம்பர் ஏறுதில்லை.’ அதற்குக் கொழும்பிலிருந்து போன பதிலும் கீழே அச்சடித்து ஒட்டியிருந்தது: ‘உள்ளூர் எண்ணை மட்டும் பதியவும். நன்றி.’

பதிலை அனுப்பியது நான்தான். அனுப்பிய நினைவே எனக்கு இல்லை. அன்று இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும், 450 ரூபாய், நல்ல ருசி. ஆனாலும் அந்த ‘நன்றி’யை நினைத்துப் பாதியில் கை கழுவினேன்.

புதன்கிழமை நெல்லியடியில் கிளினிக். காலை 6.40க்கு யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலிருந்து பருத்தித்துறைப் பஸ், நெல்லியடி ஊடாகப் போவது. இருபத்தெட்டு கிலோமீற்றர், 140 ரூபாய், ஒரு மணியும் பத்து நிமிடமும் எடுத்தது. கோப்பாய், நீர்வேலிப் பக்கம் சிவப்பு மண்ணில் வெங்காயம் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள்ளேயே அந்த வாசம் வந்தது. வல்லை வெளியில் காற்று முகத்தில் அறையும், தொலைபேசியில் சிக்னல் கோடு ஒன்றொன்றாகக் குறையும். திட்டம் எழுதுகிறவர்கள் கட்டாயம் ஒரு முறை அந்த வெளியைத் தொலைபேசியைப் பார்த்தபடி கடக்க வேண்டும். இணைப்பு இல்லாத நேரத்திலும் கருவி வேலை செய்ய வேண்டும் என்று நான் எழுதியிருந்தது இங்கே சரியாக இருந்தது. சரியாக இருந்ததையும் சொல்லத்தானே வேண்டும்.

நெல்லியடியில் ஒரு மண்டபத்தில் எட்டு மணிக்குக் கிளினிக் தொடங்கியது. சுகந்தி அக்காவை அப்போதுதான் முதன்முதல் நேரில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி கழுத்தில் தொங்கும், பிரஷர் பார்த்துக்கொண்டே மூன்று பேரோடு கதைப்பார். என்னைத் தன் பக்கத்தில் இருத்தி ரப்பைக் கையில் தந்து, “நீங்களே பதியுங்கோ” என்றார்.

முதலில் வந்தவர் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா. பெயர், வயது எல்லாம் ஏறியது. தொலைபேசி எண் கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னார், 0041 என்று தொடங்கியது. ரப்பில் அந்தக் கட்டம் சிவப்பாகி, ‘பிழையான எண்’ என்று வந்தது.

“அம்மா, இது சுவிஸ் எண். உங்களுடைய எண்ணைச் சொல்லுங்கள்.”

“இதுதான் பிள்ளை என்ரை நம்பர். மகன்ரை.”

“உங்களிடம் தொலைபேசி இல்லையா?”

“இருக்கு. ஆனால் ஆர் அதைப் பாக்கிறது? ஒரு நாளைக்குப் பத்து மெசேஜ் வரும், எல்லாம் கொம்பனிக்காரன் போடுறது. மகன் போன் எடுத்தால் மட்டும் வேறை சத்தத்திலை அடிக்கும், அதுக்கு ஓடிப்போய் எடுப்பன். நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கோ, அவன் எனக்குச் சொல்லுவான்.”

அடுத்தவர் கனடா எண் தந்தார். அதற்கடுத்த ஐயா உள்ளூர் எண். பிறகு பிரான்ஸ், பிறகு லண்டன். நான் வைத்த விதி மிகவும் எளிமையானது: பத்து இலக்கம், 07 என்று தொடங்க வேண்டும், மற்றதெல்லாம் தட்டச்சுப் பிழை. பழைய பதிவுகளை என் கணினியில் ஏற்றியபோது அந்த விதிப்படி நூற்றுக்கணக்கில் ‘பிழைகளை’ நீக்கி, சுத்தம் செய்துவிட்டேன் என்று திருப்தியோடு தேநீர் குடித்திருப்பேன்.

இடைவேளையில் பாலில்லாப் பிளேன்ரீயோடு சுகந்தி அக்கா தன் பழைய குறிப்புக் கொப்பியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் வெளிநாட்டு எண்ணும், பிள்ளையின் பெயரும், அவர்கள் பெற்றோருக்கு அழைக்கிற நேரமும் எழுதியிருந்தது. வாகனமும் வைத்தியரும் கிடைப்பதைப் பொறுத்துக் கிளினிக் நாள் அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் அவர் தன் சொந்தத் தொலைபேசியிலிருந்து பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போடுவாராம். அவர்கள் பெற்றோருக்குத் தொலைபேசி எடுத்து விரட்டுவார்களாம்.

“பிறகு?”

“பிறகு நீங்கள் வந்தியள்” என்று சிரித்தார். “சொந்தப் போனிலை நோயாளியின்ரை அலுவல் ஒண்டும் கதைக்கப்படாது எண்டு எழுதிக் கையெழுத்தும் வாங்கினியள். அது நியாயம்தான் தங்கச்சி. என்ரை போனை வீட்டிலை எல்லாரும் எடுத்துப் பாப்பினம். நான் விட்டிட்டன்.”

அந்த விதி பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. இப்போதும் அது சரியான விதி என்றுதான் நினைக்கிறேன். எதைப் பறிக்கிறோம் என்று கேட்காமல் பறித்ததுதான் பிழை.

“யோசேப்பு அண்ணையின் எண்?”

கொப்பியைப் புரட்டினார். மகள் ஜெனிற்றா, ரொரன்ரோ, தினமும் பின்னேரம் ஆறரைக்குப் போன் எடுப்பா. இரண்டு வருடம் அண்ணை ஒரு கிளினிக்கும் விடாததன் இரகசியம் அந்த ஒரு வரியில் இருந்தது. என் திட்டத்தில் அந்த இடத்தில் அவருடைய உள்ளூர் எண் இருந்தது. கடலுக்குப் போகும்போது நனையாமல் இருக்க, அந்தத் தொலைபேசியை நிறுத்தி, பொலித்தீன் பையில் சுற்றி வீட்டில் வைத்துவிடுவாராம்; மகள் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் திறப்பாராம், செய்திகளைப் பார்ப்பதே இல்லையாம். என் குறுஞ்செய்திகள் அத்தனையும் அந்தப் பைக்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

“மகளிடம் இப்போதே சொல்லலாமே” என்று அவசரப்பட்டேன்.

“ஏலாது. விரல் எடுத்தது அவவுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் எண்டு அண்ணை என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவர். தூரத்திலை இருக்கிற பிள்ளை, அழுதுபோடும் எண்டு. அவருக்குத் தெரியாமல் நான் சொல்ல மாட்டன்.”

இருபத்திரண்டு பக்கத்தில் நோயாளியின் சம்மதம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியவள் நான். அதை ஒரு கணத்தில் மறந்தவளும் நான்தான்.

கிளினிக் வானிலேயே கொக்குவிலுக்குத் திரும்பினோம். பின்னேரம் 5.15க்குக் குகன் அண்ணையின் ஓட்டோவில் சுகந்தி அக்காவும் நானும் கொழும்புத்துறைக்குப் போனோம். ஏழு கிலோமீற்றர், 900 ரூபாய். குருநகர் தாண்டினால் கடல்நீரேரி தெரியத் தொடங்கும். வலை காயும், கருவாடு மணக்கும், ஒழுங்கை முடிவில் மாதா சொரூபம் நிற்கும். அதற்குப் பின்னால் உள்ள கோயில் மண்டபத்தில்தான் இங்கே கிளினிக். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இந்தப் பக்கத்தில் கோயில் என்றால் தேவாலயம்தான்.

அடுத்த கிளினிக் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. வைத்தியருக்கு அன்று வர முடியாததால் வியாழன், அதாவது மறுநாள் காலை எட்டு மணிக்கு மாற்றியிருந்தார்கள். அண்ணை அதற்கு வராவிட்டால் புண்ணை வைத்தியர் பார்க்க இன்னும் பத்து நாளாகும். அவ்வளவு நாள் பாதம் தாங்காது என்று சுகந்தி அக்கா ஓட்டோவிலேயே சொல்லிவிட்டார்.

யோசேப்பு அண்ணை முற்றத்தில் கதிரையில் இருந்து நண்டு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, நல்ல உயரம். இடது பாதத்தில் பழந்துணிக் கட்டு, அது ஈரமாக இருந்தது. சுகந்தி அக்கா அந்த ஈரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

“தண்ணிக்கை இறங்கினனியளோ?”

“கரையிலைதான், கொஞ்சம். இடுப்பளவு தண்ணியிலை நிண்டால் நோவு தெரியாது.” பிறகு என்னைப் பார்த்து, “இந்தப் பிள்ளை ஆர்?” என்றார்.

“கொழும்பிலையிருந்து வந்தவ. போன் திட்டம் போட்டவ.”

“ஓ, உந்தக் கணக்கெடுக்கிற போன். இருங்கோ பிள்ளை” என்று மனைவி றீற்றா அக்காவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். தன் காலைக் கெடுத்தவளுக்கு அவர் கதிரையை விட்டுக்கொடுத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நாளைக்கு வாருங்கள் என்று சுகந்தி அக்கா சொன்னார். “ஓம் ஓம், வாறன்” என்றார் அண்ணை. கோப்பைகளை வாங்க உள்ளே போன என்னிடம், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த றீற்றா அக்கா மெல்ல, “இதைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லுறவர். நான் சொன்னால் கேக்கமாட்டார். மகள் கேட்டால், ஓம் போனனான் எண்டு பொய் சொல்லுறார்” என்றார். முன்பு அந்தப் பொய் செல்லாது. நாள் எதுவென்று மகளுக்கே தெரியும், சுகந்தி அக்காவிடம் விசாரித்தும்விடுவாள். மூன்று மாதமாக அவளுக்கு ஒரு செய்தியும் இல்லை. செய்தி இல்லாததை, எல்லாம் சுகம் என்று எடுத்துக்கொண்டாள்.

சரியாக ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது, வீடியோ அழைப்பு. ரொரன்ரோவில் காலை எட்டு மணி, தடித்த குளிர்ச்சட்டையும் தொப்பியுமாக பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண். “அப்பா, சாப்பிட்டியளோ?” அண்ணையின் முகம் விரிந்த விரிவை எழுத எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டார், முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதபடி. றீற்றா அக்கா திரும்பிக்கொண்டார்.

“கிளினிக் போனியளோ?”

“ஓம், போனனான்.”

சுகந்தி அக்கா கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, தொலைபேசிக்குக் கேட்காத குரலில், “அண்ணை, நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ? ரெண்டும் வேண்டாம் எண்டால் நான் எழும்பிப் போறன்” என்றார்.

மகள் அங்கே “என்னப்பா, ஆர் பக்கத்திலை?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை தொலைபேசியை மெதுவாகக் கீழே திருப்பினார். வயிறு, இடுப்பில் கட்டிய சாரம், முழங்கால், ஈரக் கட்டு. கட்டை மறு கையால் அவிழ்த்து, நாலு விரலையும் காட்டினார்.

ரொரன்ரோவில் ஒரு பஸ் வந்து நின்று, போகிற சத்தம் கேட்டது. அவள் ஏறவில்லை.

“எப்ப?” என்றாள்.

“போன மாசம். சின்ன விரல்தானே அம்மா.”

அழுவாள் என்று எல்லோரும் பயந்தோம். கொஞ்சம் அழுதாள்தான். பிறகு அண்ணை திருப்பிய திரையில் சுகந்தி அக்காவைக் கண்டு, “மிஸி, நீங்கள் ஏன் எனக்கு மெசேஜ் போடுறதை விட்டனியள்?” என்றாள். சுகந்தி அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் தொலைபேசியை வாங்கி, “நான்தான் நிறுத்தச் சொன்னேன். உங்கள் எண்ணை நீக்கியதும் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“பிழையான நம்பர் எண்டோ அக்கா நினைச்சனியள்?”

“ஓம்.”

“நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறனான்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு குரலை மாற்றி, “அப்பா, நாளைக்கு எத்தினை மணிக்குக் கிளினிக்?” என்றாள். நாங்கள் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் “எட்டு” என்றோம்.

வியாழன் காலை 7.50க்கே அண்ணை கோயில் மண்டபத்தில் இருந்தார், முதல் ஆளாக, வெள்ளைச் சேட்டுப் போட்டு, விடியவே போன் எடுத்து எழுப்பிய மகளைத் திட்டிக்கொண்டு. வைத்தியர் கட்டை அவிழ்த்து நெடுநேரம் பார்த்தார். இன்னும் ஆறு வாரம் ஒரு கிளினிக்கும் தவறாமல் வந்தால் பாதம் தப்பும் என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் உறுதி சொல்லவில்லை.

அன்று பின்னேரம் கொக்குவில் மாமரத்தடியில் இருந்து திட்டத்தைத் திருத்தினோம். நான் எழுதினேன், சுகந்தி அக்கா வெட்டினார். இதே வேலையாகப் போகிறவர்களுக்கு அதிலிருந்து சில சொல்கிறேன். தாதியின் சொந்தத் தொலைபேசியை நிறுத்துகிறீர்கள் என்றால் அதே நாளில் அமைப்பின் பெயரில் ஒரு தொலைபேசியை அவர் கையில் கொடுங்கள், வாட்ஸ்அப்போடு. குறுஞ்செய்தியை நம்பாதீர்கள், குரல் செய்தி போடுங்கள். அதில் நாள், நேரம், இடம் மட்டும் இருக்கட்டும், நோயின் பெயர் வேண்டாம். யாருக்குச் சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்று நோயாளியிடம் கேட்டு அவர் முன்னாலேயே எழுதுங்கள். கணினி சிவப்புக் காட்டுவதையெல்லாம் பிழை என்று நீக்குவதற்கு முன், பஸ் ஏறிப் போய் ஒருவரைக் கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வியின் செலவு நாலு நாள், சாப்பாடும் அறையும் சேர்த்து இருபதாயிரத்துக்கு உள்ளே. கேட்காததன் செலவு யோசேப்பு அண்ணையின் விரல்.

படிவத்தில் ‘தொலைபேசி எண்’ என்ற வரியைச் சுகந்தி அக்கா அடித்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது ‘யார் சொன்னால் கேட்பீர்கள்?’ என்று இருக்கிறது. எந்த நாட்டு எண்ணும் ஏறும், இரண்டு பேரைக் கொடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் திரும்பினேன். ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்ட குகன் அண்ணை காசு வாங்க மறுத்தார், வற்புறுத்தித் திணிக்க வேண்டியதாயிற்று.

ஏழாவது வாரம் சுகந்தி அக்கா, அண்ணையின் சம்மதத்தோடு, ஒரு படம் அனுப்பினார். காய்ந்து ஆறிய பாதம், நாலு விரல், நிலத்தில் உறுதியாக ஊன்றியிருந்தது. கூடவே அண்ணையின் புதிய படிவத்தின் படம். யார் சொன்னால் கேட்பீர்கள் என்ற இடத்தில் முதலாவது கனடா எண். இரண்டாவது எண் எங்கேயோ பார்த்த எண்ணாக இருந்தது. என்னுடையது. உறவுமுறை என்ற கட்டத்தில் ‘கொழும்புப் பிள்ளை’ என்று எழுதியிருந்தது.

நான் வெள்ளவத்தையில் வீட்டு மாடியில் நின்று கொஞ்சம் அழுதேன், வெட்கமில்லை.

இப்போது கிளினிக் நாட்களில் காலை ஏழு மணிக்கு நானும் அவருக்குத் தொலைபேசி எடுக்கிறேன். “ஓம் பிள்ளை, வெளிக்கிட்டிட்டன்” என்கிறார், முகத்துக்கு நேரே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு. “சரி, காலைக் காட்டுங்கோ” என்கிறேன். முணுமுணுத்துக்கொண்டு கீழே திருப்புகிறார். இரண்டு காலிலும் சப்பாத்துப் போட்டு, வாசலில் நிற்கிறார்.